ஒப்பந்தத்தில் அவர் கேட்ட ஒரு வசனம்

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால் அதற்கும் ஒரு நாள் பதில் வரும். பதில் கொடுக்காமல் அவர் விட்ட விஷயம் என்று ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியாது.

ஊர்காவற்றுறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் ஓடிய ஒரு தனியார் மினிபஸ்ஸில் அவர் கொண்டக்டர். சனி, ஞாயிறுகளில் எங்கள் ஊர் உதைபந்தாட்டக் கழகத்தின் கப்டன். ஆள் உயரமில்லை. கழுத்து தோள்களுக்குள் பாதி இறங்கியிருக்கும். ஓடுகிற பஸ்ஸின் மிதிபலகையில் ஒற்றைக் காலில் நின்று பழகியதாலோ என்னவோ, மைதானத்தில் அவரை இடித்து விழுத்தியவர்கள் யாருமில்லை. பின்வரிசையின் நடுவில் நிற்பார். எதிரணியின் முன்வரிசைக்காரர்கள் அரைமணித்தியாலத்திலேயே களைத்துப்போய் மற்றப் பக்கத்துக்கு இடம் மாறிவிடுவார்கள்.

அவருடைய குணத்தைச் சொல்வதற்கு வேலணை வாத்தியாரின் கதை ஒன்று போதும். அந்த வாத்தியார் ஓய்வு நாட்களில் போட்டிகளுக்கு றெபரியாக நிற்பவர். ஒருமுறை எங்களுக்கு எதிராக, நடக்காத பிழைக்கு ஒரு பெனால்ரி கொடுத்துவிட்டார். அந்த மனுசன் தினமும் இவருடைய பஸ்ஸில்தான் யாழ்ப்பாணத்துக்குப் படிப்பிக்கப் போக வேண்டும். அன்றிலிருந்து அவருக்கு இருக்க இடம் கிடைக்கவில்லை. ஒரு சீற் காலியானால் அவர் திரும்புவதற்குள் கொண்டக்டர் அதில் வேறு யாரையாவது இருத்திவிடுவார்.

"சேர், கொஞ்சம் பின்னால தள்ளி நில்லுங்கோ."

மரியாதையில் ஒரு குறையும் இருக்காது. வாத்தியார் மூன்று வருடம் நின்றுகொண்டே போய்வந்தார். பிறகு ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். நாங்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். அப்போது அது எங்களுக்குப் பகிடி.

நான் அவரைவிட நான்கு வயது இளையவன். முன்வரிசையில் இடப்பக்கம் விளையாடினேன். கால் நீளம் என்பதால் என்னைக் "கொக்கு" என்றுதான் கூப்பிடுவார். பஸ்ஸில் என்னிடம் ஒருநாளும் காசு வாங்கியதில்லை. கழகத்தில் விளையாடும் எவரிடமும் வாங்கியதில்லை. அவரைத் தங்கள் பக்கம் இழுக்க யாழ்ப்பாணத்துக் கழகங்கள் ஆள் அனுப்பாத வருடமில்லை. வருகிறவர்களை மிதிபலகையில் நின்றபடியே அனுப்பிவிடுவார்.

"எங்கட கழகச் சட்டையைக் கழட்டினா உள்ளுக்கை தோல்தான் கிடக்கு. போயிட்டு வாங்கோ."

பிறகுதான் அந்த லீக் வந்தது. வீரர்களை ஒப்பந்தம் எழுதி, சம்பளம் கொடுத்து விளையாட விடும் லீக். யாழ்ப்பாணத்தில் மட்டும் இரண்டு அணிகள். ஒன்றுக்குப் பச்சைச் சட்டை, மற்றதுக்குச் சிவப்புச் சட்டை. பச்சை அணியின் முகாமையாளர் எங்கள் அரையிறுதியைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு புதன்கிழமை போனேன். ஒரு கடைக்கு மேலே சின்ன அறை. மேசையில் ஆறு பக்க ஒப்பந்தம். அதில் நான் ஆசையோடு வாசித்தது ஒரு வரிதான்: சட்டையின் முதுகில் வீரரின் பெயர் அச்சிடப்படும்.

"கையெழுத்து வைச்ச நிமிசத்திலயிருந்து வேற ஒருத்தருக்கும் விளையாட ஏலாது. காயம் பட்டா எங்களுக்குத்தான் கரைச்சல்" என்றார் முகாமையாளர்.

"சனிக்கிழமை எங்கட கழகத்துக்கு இறுதிப் போட்டி, சேர்."

"அப்ப திங்கட்கிழமை வாரும். பிரச்சினையில்லை. ஆனா இடத்தைப் பிடிச்சு வைச்சிருப்பன் எண்டு நான் சொல்லமாட்டன்."

ஐந்து நாள். அவ்வளவுதான். வெளியே வாங்குப் பலகையில் இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். நான் பேனையை எடுத்தேன்.

அன்று பின்னேரம் எங்கள் கழகப் பயிற்சிக்கு நொண்டிக்கொண்டு போனேன். முழங்கால் பிடித்துவிட்டது என்று கப்டனிடம் சொன்னேன். அவர் சந்தேகப்படவில்லை. எனக்கு அதுதான் இன்றைக்கும் பொறுக்க முடியாமல் இருக்கிறது. சந்தேகப்பட்டிருந்தால் நானும் ஒரு சண்டை பிடித்துவிட்டுப் போயிருப்பேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், இரண்டு பஸ் ஓட்டங்களுக்கு நடுவில், இறங்குதுறையில் மீனுக்குப் போடும் ஐஸில் ஒரு கட்டியைச் சாக்கில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சேட்டின் ஒரு பக்கம் முழுக்க நனைந்திருந்தது.

"கொக்கு, காலை நீட்டு."

அரைமணித்தியாலம் நிலத்தில் குந்தியிருந்து என் முழங்காலில் ஐஸை அமத்திப் பிடித்தார். அவருடைய விரல்கள் வெளிறிச் சுருங்கிப்போயின.

"நாளைக்கு முழுக்க ஏலாட்டி விடு. பதினஞ்சு நிமிசம் நிண்டாலும் காணும். நீ சும்மா நிண்டாலே அவங்கள் ரெண்டு பேரைப் பின்னுக்கு விட்டுடுவாங்கள்."

"பாப்பம் அண்ணை."

சனிக்கிழமை முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு கோட்டுக்கு வெளியே இருந்தேன். ஒன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் படம் வந்தது. பச்சைச் சட்டையைக் கையில் விரித்துப் பிடித்தபடி நடுவில் நான். கீழே, புதன்கிழமை ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்ட வீரர்கள் என்று போட்டிருந்தார்கள்.

அவர் வீட்டுக்கு வரவில்லை. கழகத்தில் என்னைப் பற்றி ஒரு தூஷணம் சொன்னதாகவும் இல்லை. திங்கட்கிழமை காலை நான் பயிற்சிக்குப் போக பஸ் ஏறினேன்.

"தம்பி எங்கை இறங்கப் போறீங்கள்?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவர் வாயால் என்னை 'நீங்கள்' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை.

"அண்ணை..."

"யாழ்ப்பாணமோ? ரிக்கற் எடுங்கோ."

எடுத்தேன். கிழித்துத் தந்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும் குரலில் கேட்டார்.

"முழங்கால் எப்பிடி?"

"பரவாயில்லை."

"கவனமா வைச்சிருங்கோ. காசு குடுத்து வாங்கின கால்."

அந்த ஒரு கேள்வி. ஒவ்வொரு நாள் காலையும், அதே குரலில், அக்கறையோடு விசாரிப்பது போல. கொஞ்ச நாளில், நான் ஏறும்போதே பின்சீற் பெடியள் சிரிக்கத் தொடங்கினார்கள். நான் அரைமணித்தியாலம் முந்திப் போகும் பஸ்ஸுக்கு மாறினேன். அடுத்த கிழமை அந்த பஸ்ஸின் மிதிபலகையிலும் அவர்தான் நின்றார். அந்தக் கொண்டக்டரோடு வேலையை மாற்றிக்கொண்டிருந்தார்.

"முழங்கால் எப்பிடி, தம்பி?"

முதல் வருடம் நான் நன்றாக விளையாடினேன். ஆத்திரம் காலுக்கு நல்லது என்று அப்போது நினைத்தேன். வருட முடிவில் முகாமையாளரிடம் போய், இனி இரண்டு வருடத்துக்கு எழுத வேண்டும், தங்குவதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு அறையும் வேண்டும் என்று கேட்டேன். அறை கேட்டது அந்த பஸ்ஸுக்குப் பயந்துதான். அதை அவரிடம் சொல்லவில்லை.

"இன்னும் ஒரு வருசம் பாப்பம்" என்றார் அவர். "வாற வருசம் பத்துக் கோல் போட்டால் ரெண்டு வருசமும் தாறன், அறையும் தாறன். ஒன்பது போட்டாலும் இல்லை. ஓமோ?"

ஓம் என்று கையெழுத்து வைத்தேன். என் மச்சான் ஒருவன் அதைப் பெருமையாக பஸ்ஸில் சொல்லிக்கொண்டு போயிருக்கிறான். பத்துக் கோல், இரண்டு வருடம், அறை எல்லாம். கொண்டக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவனுடைய மிச்சக் காசைக் கொடுத்தாராம்.

அடுத்த கிழமை அவர் சிவப்பு அணியின் முகாமையாளரைப் பார்க்கப் போனார். அங்கே நடந்ததை அந்த முகாமையாளரே பிற்காலத்தில் எனக்குச் சொன்னார். இவ்வளவு காலமும் கூப்பிட்டும் வராத ஆள் தானாக வந்து நின்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"எவ்வளவு எதிர்பாக்கிறீங்கள்?"

"நீங்கள் தாறதைத் தாங்கோ. எனக்கு ஒரு வசனம் எழுதித் தரோணும்."

"என்ன வசனம்?"

"பச்சை அணியோட வாற ரெண்டு மட்சிலையும் என்னை முழுநேரமும் விடோணும். எங்கட ஊர்ப் பெடியன் நிக்கிற பக்கத்திலை. நான் நொண்டினாலும் வெளியிலை எடுக்கக் கூடாது."

முகாமையாளர் சிரித்திருக்கிறார். இவர் சிரிக்கவில்லை. தட்டச்சு செய்து வந்ததும் அந்த ஒரு வசனத்தை மட்டும் இரண்டு தரம் வாசித்தாராம். என் பெயரில் ஒரு எழுத்துப் பிழையாக இருந்ததைத் திருத்தச் சொன்னாராம். மற்றப் பக்கங்களைப் புரட்டியும் பார்க்காமல் கையெழுத்து வைத்துவிட்டு, யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படும் அடுத்த ஓட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போனாராம்.

ஊர் கொதித்தது. நான் போனதைவிட அவர் போனதுதான் சனத்தால் தாங்க முடியாமல் இருந்தது. எங்கள் கழகத்தின் தலைவர் ஊர்காவற்றுறையில் மருந்துக்கடை வைத்திருந்தவர், மெதுவாகப் பேசுகிற மனுசன். கழகச் சட்டையை மடித்துக் கொடுக்க வந்தவரிடம், "நீயுமோடாப்பா?" என்று கேட்டிருக்கிறார்.

"நான் போகேல்லை அண்ணை. ஒரு வேலை இருக்கு. முடிச்சுப்போட்டு வாறன்."

முதல் ஆட்டத்தில் நான் பந்தைத் தொட்டது ஐந்தாறு தரம் இருக்கும். அவர் என்னை உதைக்கவில்லை, பிடித்து இழுக்கவில்லை, றெபரி விசில் ஊத ஒரு காரணமும் கொடுக்கவில்லை. நான் போகிற இடத்தில் எனக்கு முன்னால் நின்றார். அவ்வளவுதான். ஆனால் வாய் ஓயவில்லை. பந்து என் பக்கம் வரும் ஒவ்வொரு முறையும் என் பிடரிக்குப் பின்னால், பஸ்ஸில் கூவுகிற அதே குரலில், தணித்துச் சொன்னார்.

"மண்டைதீவுச் சந்தி... இறக்கம் இருக்கோ?"

அடுத்த முறை, "அல்லைப்பிட்டி." அதற்கு அடுத்த முறை, "மண்கும்பான்." இடைவேளைக்கு முன்னம் வேலணை வந்துவிட்டது. எனக்குக் கால் பின்னத் தொடங்கியது. என்னுடைய அணிக்காரர்கள் எனக்குப் பந்து தருவதை நிறுத்தினார்கள்.

மற்ற அணிகளோடு நான் கோல் போட்டேன். வெறியோடு போட்டேன். கடைசி ஆட்டம் வரும்போது ஒன்பது. கடைசி ஆட்டம் சிவப்பு அணியோடு.

அன்று அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. எண்பது நிமிடம் அவருடைய மூச்சு மட்டும்தான் கேட்டது. வயது முப்பத்தொன்று. காலையில் பஸ்ஸில் நின்றுவிட்டு வந்திருந்தார். கடைசியில் ஒரேயொரு தரம் அவருடைய கால் வழுக்கியது. நான் உள்ளே வெட்டினேன். முன்னால் கோல் காப்பாளர் மட்டும். அடித்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல அடி நான் அடித்ததில்லை. விழுந்து கிடந்தவர் எப்படி எழும்பினார் என்று எனக்குத் தெரியாது. பந்து அவருடைய முகத்தில் பட்டு மேலே போனது.

வாயிலிருந்து இரத்தம் வந்தது. ஒரு பல்லைக் கையில் துப்பிப் பார்த்தார். அவருடைய முகாமையாளர் வெளியே வரச் சொல்லிக் கத்தினார். இவர் ஒப்பந்தத்தை நினைவுபடுத்துவது போல ஒரு விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

ஒன்பது கோலோடு வருடம் முடிந்தது. பச்சை அணியின் முகாமையாளர் கதிரையிலிருந்து எழும்பாமலே கைகொடுத்தார்.

"கதைச்சது கதைச்சதுதான், தம்பி."

நான் வீட்டுக்கு வந்து இருந்தேன். அவர் வேலை முடிந்தது என்று சிவப்பு அணியிடம் விடைபெறப் போனார். அங்கேதான் அவருக்கு மற்றப் பக்கங்களில் என்ன எழுதியிருந்தது என்று தெரிய வந்தது. ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு. எழுத்தில் அனுமதியில்லாமல் வேறு எந்தக் கழகத்துக்கும், சொந்த ஊருக்கும்கூட, விளையாட முடியாது. இன்னும் இரண்டு வருடம் கிடந்தது. அவரைப் போல ஒரு தடுப்பாளர் இவ்வளவு மலிவாகக் கிடைத்தால் யார் விடுவார்கள்?

அதைக் கேள்விப்பட்ட அன்று நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். மறைக்க ஒன்றுமில்லை.

இரண்டு கிழமை கழித்துக் கழகத் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். சிவப்பு அணியோடு பேசிப் பார்த்திருக்கிறார். அவர்கள் ஒரு வழி சொல்லியிருக்கிறார்கள். என்னை இரண்டு வருடத்துக்குக் கொடுத்தால் அவரை விட்டுவிடுவார்கள்.

"நீ ஓமெண்டால் அவன் வருவான்" என்றார் தலைவர். "உங்கட ரெண்டு பேரின்ரை வைராக்கியத்துக்கு ஊர் தோத்துக்கொண்டிருக்க ஏலாது."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். மறுநாள் மத்தியானம் வெயிலில் அந்த மினிபஸ் எங்கள் வேலிப் படலைக்கு முன்னால் வந்து நின்றது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள். அவர் மட்டும் இறங்கி வந்தார்.

"தலைவர் வந்தவரோ?"

"ஓம்."

"நீங்கள் ஓமெண்டு சொல்லக் கூடாது."

"ஏன்?"

"உங்களாலை நான் திரும்பி வந்ததா இருக்கக் கூடாது."

"அப்ப ரெண்டு வருசம் சிவப்புச் சட்டையோட நில்லுங்கோ."

 ட்ரைவர் ஹோர்ன் அடித்தார். ஒரு பெண் யன்னலால் தலையை நீட்டி, ஆசுபத்திரிக்கு நேரமாகுது என்று சத்தம் போட்டாள். அவர் படலையின் மேல் கையை வைத்து, குரலை நன்றாகத் தணித்தார்.

"அண்டைக்கு முழங்கால் நோகேல்லை எண்டு சொல்லு. ஒருக்காச் சொல்லு, காணும். நானே உன்னைக் கூட்டிக்கொண்டு போய் எங்கட ரீமிலை விடுறன். நான் ரெண்டு வருசமும் அங்கை கிடந்து வாறன்."

இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் என்னை 'நீ' என்று சொன்னார். சொல்லத்தான் நினைத்தேன். வாய்க்குள் வந்தும்விட்டது. பஸ்ஸில் இருந்த முகங்கள் எல்லாம் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நோகத்தான் செய்தது" என்றேன்.

அவர் குனிந்து என் முழங்காலைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் ஏறினார். "ஆக்களை மறிச்சுப்போட்டன், குறை நினையாதேங்கோ" என்று அவர் உள்ளே சொல்வது கேட்டது.

அடுத்த நாள் யாழ்ப்பாணத்துக்குப் போய்ச் சிவப்பு அணிக்குக் கையெழுத்து வைத்தேன். அவர் வேண்டாம் என்று சொன்ன ஒன்றைத் தேடிச் செய்தேன். இனி எந்த மைதானத்தில் நின்றாலும் நான் போட்ட பிச்சையில் நிற்கிறோம் என்று அவருக்கு உறுத்தட்டும் என்று செய்தேன். அவருடைய விடுவிப்புக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் கழகத்துக்கு அனுப்பச் சொன்னேன். யாருக்குப் பதிலாக அவர் விடுவிக்கப்படுகிறார் என்று அதில் எழுதவும் சொன்னேன்.

மருந்துக்கடையில் வைத்துத் தலைவர் கடிதத்தைக் கொடுத்தாராம். அவர் நின்றபடியே வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம்.

"இது எனக்கு வேண்டாம். நான் மூண்டு வருசத்துக்குக் கையெழுத்து வைச்சனான். மூண்டு வருசம் முடியட்டும்."

"அவங்களே விட்டுட்டாங்களடாப்பா!"

"அவங்கள் விட்டது எனக்குத் தெரியும். நான் விடேல்லை."

சொன்னபடி இருந்தார். சிவப்பு அணிக்கும் போகவில்லை, ஊருக்கும் விளையாடவில்லை. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளிலும் பஸ்ஸில் நின்றார். மைதானத்தைத் தாண்டும்போது மற்றப் பக்கத்து யன்னலில் ஆட்களை எண்ணிக்கொண்டிருப்பாராம். அந்த இரண்டு வருடமும் எங்கள் கழகம் முதல் சுற்றைத் தாண்டவில்லை. ஊரில் பாதிப் பேர் என்னைத் திட்டினார்கள். பாதிப் பேர் அவரைத் திட்டினார்கள். தலைவர் இரண்டு பேரோடும் பேசுவதை விட்டார்.

எனக்கு அங்கே என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். நான் சேர்ந்த மாதமே சிவப்பு அணி கிழக்கிலிருந்து இரண்டு முன்வரிசைப் பெடியளைக் கூட்டிவந்தது. இரண்டு பேரும் என்னைவிட வேகம்.

மூன்று வருடமும் முடிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் பூட்ஸோடு எங்கள் மைதானத்துக்கு வந்தார். நெடுந்தீவிலிருந்து படகில் வந்த அணியோடு சிநேகபூர்வ ஆட்டம். என் ஒப்பந்தமும் முடிந்திருந்தது. நான் பார்க்கப் போனேன். அவருக்குத் தொந்தி வைத்திருந்தது. நெடுந்தீவுப் பெடியன் ஒருவன் அவரை இரண்டு தரம் சுற்றிக்கொண்டு ஓடினான். மூன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். அவர் ஒருவரோடும் கோபிக்கவில்லை. கடைசி விசில் வரைக்கும் ஓடினார்.

ஆட்டம் முடிந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் மணலில் இருந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ரெண்டு வருசத்திலை எத்தினை மட்ச் விளையாடினனீங்கள்?"

"ஒண்டுமில்லை. வாங்கிலை இருந்தனான்."

"ஒண்டுமேயில்லையோ?"

"ஒருக்காப் பத்து நிமிசம் இருக்கேக்கை விட்டவங்கள். நான் உள்ளுக்கை போக மழை வந்திட்டுது. ஆட்டத்தை நிப்பாட்டிப்போட்டாங்கள்."

அவர் கழற்றிய பூட்ஸை மணலில் வைத்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டு, அப்படியே மல்லாந்து விழுந்து, கண்ணால் தண்ணி வரும்வரை சிரித்தார். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த நெடுந்தீவுக்காரர்கள் நின்று பார்த்தார்கள். நான் அவருக்குச் செய்தது எல்லாவற்றுக்கும் அந்த மழை போதும் என்பது போல இருந்தது அந்தச் சிரிப்பு.

அந்தச் சிரிப்புக்காக நான் அவரை இன்னும் மன்னிக்கவில்லை.